உயிருள்ள விண்கலத்தை உருவாக்குவது எப்படி? அறிவியல் புனைகதை எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதைக்கு உயிருள்ள விண்கலம் புதியதல்ல. ராபர்ட் ஷெக்லி 1953-இல் வெளியிட்ட ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்னும் சிறுகதையிலேயே சுவர், கண், எந்திரம் என்று கலத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி உயிரினமாக இருந்து, ஒன்றுக்கொன்று ஒத்துழைத்துப் பயணம் செய்கின்றன. 1999-இல் தொடங்கிய ‘ஃபார்ஸ்கேப்’ தொலைக்காட்சித் தொடரில் மோயா என்னும் கலம் கருவுற்றுக் குட்டியே ஈனுகிறது. இத்தனை காலம் கையாளப்பட்ட கருவாக இருந்தும், இவ்வகைக் கதைகள் பலவற்றில் முதல் அத்தியாயத்தில் துடிக்கும் சுவர்கள் மூன்றாம் அத்தியாயத்தில் வெறும் சுவர்களாகிவிடுகின்றன. கலத்துக்குப் பசிப்பதில்லை, வியர்ப்பதில்லை, நோய் வருவதில்லை. இரும்புக் கலத்துக்குத் தோல் போர்த்தியதோடு ஆசிரியரின் வேலை முடிந்துவிடுகிறது.

தோற்றத்திலிருந்து தொடங்குவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி உடலின் தேவைகளிலிருந்து தொடங்குகிறது. கணக்குகள் வரும், ஆனால் பள்ளிக்கூடக் கணக்கைத் தாண்டி எதுவும் இல்லை. எடுத்துக்காட்டுக்காக ஒரு லட்சம் டன் எடையுள்ள ஒரு கலத்தைத் தொடர்ந்து கையில் வைத்துக்கொள்வோம்.

முதல் படி: பிறப்பைத் தீர்மானியுங்கள்

கலம் எப்படி உண்டானது என்பதற்கு மூன்று விடைகள் இருக்கின்றன. அது இயற்கையாகப் பரிணமித்திருக்கலாம். யாரோ வடிவமைத்து வளர்த்திருக்கலாம். அல்லது பல உயிரினங்கள் கூடி ஒன்றாகியிருக்கலாம்.

இயற்கையான பரிணாமம் மூன்றிலும் கடினமானது. வியாழனின் மேகங்களில் வாழும் பிரம்மாண்டமான உயிரி ஒருநாள் விண்வெளிக்கு நீந்தி வருவதாக எழுதுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் வியாழனின் ஈர்ப்பை விட்டு வெளியேற நொடிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும். தசையால் அது முடியாது. மாறாக, 67பி போன்ற சில கிலோமீட்டர் அகலமுள்ள வால்வெள்ளியிலிருந்து தப்பிச் செல்ல நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகமே போதும். ஒரு விதைப்பை வெடித்தாலே விதைகள் விண்வெளிக்குப் போய்விடும். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1972-இல் லண்டனில் ஆற்றிய உரையில், வால்வெள்ளிகளின் மேல் மரங்களை வளர்க்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பனி, கரிமச் சேர்மங்கள், குறைந்த ஈர்ப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைப்பதால், கலத்தின் பிறப்பிடமாக வால்வெள்ளியையே நான் பரிந்துரைப்பேன்.

வடிவமைக்கப்பட்ட கலம் என்றால், வடிவமைத்தவர் யார், அவருக்கு அதன்மேல் உரிமை உண்டா என்ற கேள்விகள் கதைக்குள் வந்தே தீரும். கூட்டுயிரி என்றால் வேறு வகையான வாய்ப்பு திறக்கிறது. கடலில் மிதக்கும் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்னும் உயிரி பார்வைக்கு ஒரே சொறிமீன்போல் தெரிந்தாலும், உண்மையில் அது ஒரு கூட்டம். மிதவையாக ஒன்று, கொட்டுவதற்குச் சில, செரிப்பதற்குச் சில, இனப்பெருக்கத்துக்குச் சில என்று அதன் உறுப்பினர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உறுப்புகளுக்குள் கருத்து வேறுபாடு எழக்கூடிய கலம் கதாசிரியருக்குக் கிடைத்த வரம். ஆகவே நம் எடுத்துக்காட்டுக் கலம் ஒரு வால்வெள்ளியில் விதைக்கப்பட்ட கூட்டுயிரி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: பசியைக் கணக்கிடுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதையே சார்ந்திருப்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்வோம்.

உடலின் எடை கூடும் அளவுக்கு ஆற்றல் தேவை கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே (எடை 10,000 மடங்கானால் தேவை 1,000 மடங்கு) கூடுகிறது என்பதை உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். பாலூட்டிகளுக்கு, கிலோகிராமில் எடையை எடுத்து, அதன் முக்கால் அடுக்கை 3.4 ஆல் பெருக்கினால், ஓய்வு நிலையில் தேவைப்படும் ஆற்றல் வாட் அளவில் கிடைக்கும். 70 கிலோ மனிதருக்கு இது சுமார் 80 வாட். ஒரு லட்சம் டன், அதாவது பத்துக் கோடி கிலோ எடையுள்ள கலத்துக்கு இது 34 லட்சம் வாட், அதாவது 3.4 மெகாவாட். இவ்வளவு பெரிய உடலுக்கும் கூட்டுயிரிக்கும் இந்த விதி பொருந்துமா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை என்றாலும், கதைக்கு இந்தத் தோராயம் தாராளமாகப் போதும்.

இந்த 3.4 மெகாவாட் எங்கிருந்து வரும்? பூமியின் தூரத்தில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் ஒளி விழுகிறது. பயிர்கள் தமக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தையே உணவாக்குகின்றன. அப்படியானால் சதுர மீட்டருக்கு 13.6 வாட். வகுத்துப் பார்த்தால் கலத்துக்கு இரண்டரை லட்சம் சதுர மீட்டர் இலைப்பரப்பு தேவை. பக்கத்துக்கு 500 மீட்டர் கொண்ட சதுரம். கலத்தின் உடல் நீரின் அடர்த்தியுள்ள உருண்டையாக இருந்தால், அதன் விட்டம் 58 மீட்டருக்கும் குறைவு. மொத்தத் தோலும் சேர்ந்து பத்தாயிரம் சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஆக, தோலைப் பச்சையாக்கினால் மட்டும் வயிறு நிரம்பாது. உருண்டையின் இரு புறமும், ஒவ்வொன்றும் 500 மீட்டர் நீளமும் 250 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய இலைச் சிறகுகளை நாம் வளர்த்தாக வேண்டும்.

கலத்தின் உருவம் தானாகவே வெளிப்பட்டுவிட்டதைக் கவனியுங்கள். எந்த ஓவியத்தையும் பார்க்காமல், பசியைக் கணக்கிட்டே இதைப் பெற்றோம்.

வியாழனின் தூரத்துக்குப் போனால் ஒளி 27 மடங்கு குறைந்துவிடும். சிறகுகளை அந்த அளவுக்கு நீட்ட முடியாதென்றால் கலம் உறங்க வேண்டும், அல்லது குளிர் இரத்த உயிரியாக மாற வேண்டும். ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் ஊர்வனவற்றின் ஓய்வு நிலைத் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இல்லையேல் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு புறப்பட வேண்டும். கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும் என்பதையும், அதுவும் கலத்துக்குள்தான் இருந்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: வெப்பத்தை வெளியேற்றுங்கள்

விண்வெளி குளிரானது, ஆகவே கலம் உறைந்துபோகும் என்று எழுதுவது அடிக்கடி காணப்படும் பிழை. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்றோ நீரோ இல்லை. வெப்பக் கதிர்வீச்சு ஒன்றே வழி. 27 டிகிரி வெப்பநிலையில் உள்ள தோல் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 460 வாட் வரை வெளியிடும். நம் உருண்டை தன் 3.4 மெகாவாட்டை வெளியேற்ற 7,400 சதுர மீட்டர் போதும், தோலோ பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறது. எனவே நிழலில் அது நலமாகவே இருக்கும்.

சூரியனுக்கு நேரே வந்தால் நிலைமை வேறு. உருண்டையின் குறுக்குவெட்டில் விழும் ஒளியைத் தோல் முழுவதுமாக உறிஞ்சிக்கொண்டால், உள்ளே விளையும் வெப்பத்துக்குச் சமமான இன்னொரு பங்கு வந்து சேரும்; அப்போது தோலின் சராசரி வெப்பநிலை சுமார் 56 டிகிரிக்கு ஏறிவிடும். ஆகவே சிறகு கருமையாகவும் உடல் வெண்மையாகவும் இருக்க வேண்டும். சகாரா வெள்ளி எறும்பு இதற்கு நல்ல முன்மாதிரி: அதன் உடலை மூடியிருக்கும் முக்கோண வடிவ மயிர்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு, உடல் வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறவும் உதவுகின்றன. அத்தகைய வெள்ளி மயிர் போர்த்திய ஓர் உடலுக்குள் பயணிகள் நுழையும் காட்சியை எழுதிப் பாருங்கள். ஈரமாகப் பளபளக்கும் சதைச் சுவர்களை மீண்டும் ஒருமுறை எழுத மனம் வராது.

நான்காம் படி: தோலை அடுக்குங்கள்

காற்றழுத்தம் 6.3 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் நீர் உடல் வெப்பநிலையிலேயே கொதிக்கும். எனவே உயிருள்ள திசு நேரடியாக வெற்றிடத்தைத் தொட முடியாது. 2007-இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் சென்ற நீர்க்கரடிகள் என்னும் நுண்ணுயிரிகள் வெற்றிடத்தைத் தாங்கின என்பது உண்மையே. ஆனால் அவை உலர்ந்து சுருண்ட நிலையில்தான் தாங்கின. விழித்திருந்து உழைக்க வேண்டிய கலத்துக்கு அந்த உத்தி உதவாது.

அதைவிடப் பயனுள்ள பாடம் ஜப்பானின் தன்போபோ சோதனையில் கிடைக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்ட டைனோகாக்கஸ் பாக்டீரியா உருண்டைகளில், மேலடுக்கில் இருந்தவை இறந்துபோயின. இறந்த அந்த அடுக்கே கவசமாகி உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றியது. உங்கள் கலத்தின் வெளித்தோலும் இறந்த தோலாகவே இருக்கட்டும். அது உதிரும், அடியிலிருந்து புதியது வளரும், உதிர்ந்தது கலத்தின் பாதையில் தடயமாக மிதக்கும். துரத்தி வருபவர்களுக்கு அது போதும். உலோகம் வேண்டுமென்றாலும் உயிரியலுக்கு வெளியே போகத் தேவையில்லை. இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழும் செதில்கால் நத்தையின் செதில்கள் இரும்பு சல்ஃபைடு பூசப்பட்டவை.

ஐந்தாம் படி: உந்துவிசையையும், உங்கள் ஒரே பொய்யையும் தேர்ந்தெடுங்கள்

உயிருள்ள கலத்தைப் படைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். விண்வெளியில் தள்ளிச் செல்ல எதுவும் இல்லாததால், சிறகடித்தோ துடுப்பிட்டோ நகர முடியாது. எதையாவது பின்னோக்கி வீசியாக வேண்டும்.

உயிரியலில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஓர் அயனி உந்துபொறியை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களைப் பின்னோக்கி வீசும் பொறியை, கட்ட முயல்வோம். 1998-இல் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் உந்துபொறி 1,280 வோல்ட் மின்னழுத்தத்தால் அயனிகளை வேகப்படுத்தியது. மின்விலாங்கு வகை ஒன்று 860 வோல்ட் வரை உண்டாக்குகிறது. மின்சாரம் உண்டாக்கும் அதன் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய மின்னழுத்தத்தையே தந்தாலும், ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் கூட்டுத்தொகை பெரிதாகிறது. அடுக்கை நீட்டினால் 1,280 எட்டாத உயரமல்ல. அயனிகளுக்கான உந்துபொருள்? அயோடினைப் பயன்படுத்தும் அயனி உந்துபொறி ஒரு சிறு செயற்கைக்கோளில் பொருத்தப்பட்டு 2020-இல் விண்ணுக்குச் சென்று இயங்கிக் காட்டிவிட்டது. லாமினேரியா என்னும் பழுப்புக் கடற்பாசியோ கடல்நீரில் மிகச் சிறிதளவே உள்ள அயோடினைப் பல்லாயிரம் மடங்கு செறிவாகத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. மின்விலாங்கின் உறுப்பையும் கடற்பாசியின் பழக்கத்தையும் இணைத்தால் உயிருள்ள உந்துபொறியின் வரைபடம் ஓரளவு கிடைத்துவிடுகிறது.

இப்போது கணக்கு கசக்கத் தொடங்கும். டீப் ஸ்பேஸ் 1-இன் பொறி 2.3 கிலோவாட் மின்சாரத்தை உண்டு, 92 மில்லிநியூட்டன் விசையையே தந்தது. நம் கலம் தன் முழு 3.4 மெகாவாட்டையும் உந்துபொறிகளுக்கே கொடுத்துப் பட்டினி கிடந்தாலும், ஓராண்டு இடைவிடாமல் உந்திய பிறகு அதன் வேகம் நொடிக்கு 43 மீட்டர் அளவே கூடியிருக்கும். ஒப்பிட வேண்டுமானால், பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, இந்த மந்தத்தை ஏற்றுக்கொள்வது: கோள்களின் ஈர்ப்பைப் பயன்படுத்திப் பல தலைமுறைக் காலம் மிதந்து செல்லும் பொறுமையான உயிரியைப் படைப்பது. மற்றது, ஒரே ஒரு பொய்யைச் சொல்வது: கலத்துக்குள் அணுக்கருப் பிணைவை நடத்தும் ஓர் உறுப்பு இருப்பதாக அறிவித்துவிடலாம். அறிவியல் புனைகதையின் வாசகர் ஒரு பொய்யைத் தாராளமாக மன்னிப்பார். அதை மன்னித்த பிறகு மற்ற எல்லாவற்றிலும் நேர்மையை எதிர்பார்ப்பார். அந்தப் பொய்யை இங்கே செலவிடுவதுதான் சிக்கனம். ஆனால் அப்படிச் செய்தால் வெப்பக் கணக்கு மாறிவிடும் என்பதால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் வர வேண்டியிருக்கும்.

அருகில் நகர்வதற்கான சிறு உந்தல்களுக்குப் பொய் தேவையில்லை. குண்டுவீச்சு வண்டு இரு வேதிப்பொருள்களைத் தனித்தனியே சேமித்து, தேவைப்படும்போது கலந்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பீய்ச்சுகிறது. நிலையங்களோடு இணையும்போது கலம் தும்முவதற்கு இது போதும்.

ஆறாம் படி: நரம்புகளுக்கும் தூரம் உண்டு

மனித நரம்புகளில் மிக வேகமானவை நொடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துகின்றன. நம் கலத்தின் சிறகு நுனியில் ஒரு துளை விழுந்தால், உடலுக்கு வலி வந்து சேர நான்கு நொடிக்கு மேலாகும். ‘மூடு’ என்ற கட்டளை திரும்பிச் செல்ல இன்னும் நான்கு நொடி. அதற்குள் சாறு கசிந்து உறைந்திருக்கும். எனவே சிறகுகள் தாமாகவே முடிவெடுக்க வேண்டும். ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளில்தான் இருக்கின்றன. அதன் கைகள் மூளையைக் கேட்காமலே பல காரியங்களைச் செய்கின்றன. கூட்டுயிரியான நம் கலத்தில் இடது சிறகு ஒன்றைச் செய்துவிட்ட பிறகே உடலுக்குத் தெரியவருவது இயல்பான நிகழ்வாகும். கப்பித்தானும் கலமும் மின்னல் வேகத்தில் உரையாடும் காட்சிகளை இதன் பிறகு எழுதுவது கடினம். எழுதாமல் விடுவதே நல்லது.

கலத்துக்கு மனம் உண்டா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தமிழில் எழுதுபவருக்கு இதில் தப்ப வழியில்லை. வினைமுற்று வந்தவுடன் ‘உறங்கியது’ என்றோ ‘உறங்கினாள்’ என்றோ எழுதியாக வேண்டும். பயணிகளில் சிலர் அஃறிணையிலும் சிலர் உயர்திணையிலும் பேசினால், ஒரு விளக்கமும் தராமலேயே அவர்களுடைய நிலைப்பாடுகள் வாசகருக்குப் புரிந்துவிடும்.

ஏழாம் படி: உள்ளே இருப்பவர்களை உடலின் பகுதியாக்குங்கள்

பயணிகள் கலத்தின் பார்வையில் யார்? குடல் பாக்டீரியாக்களைப் போல் பயன்தரும் குடியிருப்பாளர்களா, ஒட்டுண்ணிகளா, இன்னும் அடையாளம் காணப்படாத நோய்க்கிருமிகளா? நோய் எதிர்ப்பு மண்டலம் இல்லாத பெரிய உயிரி பூமியில் இல்லை. ஆகவே புதிதாக ஒருவர் உள்ளே வரும்போது கலம் அவரை ஏற்றுக்கொள்ளும் முறை ஒன்று இருந்தாக வேண்டும். மணமோ, சிலநாள் தனிமையோ, முன்பே இருப்பவரின் வியர்வை பட்ட ஆடையோ எதுவானாலும் சரி, விதியை வகுத்துவிட்டு மீறாமல் இருங்கள்.

காற்றைப் பற்றிய பகுதியில்தான் கதைக்கான மிகப் பெரிய புதையல் இருக்கிறது. 1991-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் எட்டுப் பேர் பயோஸ்பியர் 2 என்னும் மூடிய வளாகத்துக்குள் சென்று இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். பதினாறு மாதங்களில் உள்ளிருந்த ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 14.5 ஆகக் குறைந்ததால், வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. ஆக்சிஜனைத் தின்றவை பெரும்பாலும் வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள். அவை வெளியிட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டதால், தாவரங்களால் அதை மீண்டும் ஆக்சிஜனாக்க முடியவில்லை. மூடிய இடத்தில் மனிதர்கள் மட்டும் மூச்சு விடுவதில்லை.

நம் கலத்தின் 3.4 மெகாவாட் வளர்சிதை மாற்றம், ஆளுக்கு 100 வாட் என்று கொண்டால், 34,000 மனிதர்கள் மூச்சு விடுவதற்குச் சமம். உடல் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் வளர்சிதை மாற்றம் பத்து சதவீதமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஏறும் என்பது மருத்துவர்கள் அறிந்த கணக்கு. ஆக, கலத்துக்கு ஒரு டிகிரி காய்ச்சல் வந்தால், அழையாமலே 3,400 பேர் வந்து அதே காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியதாகப் பொருள். இதைக் காட்சியாக்கும்போது எண்களைச் சொல்லாதீர்கள். கீழே ஒரு மாதிரி:

‘விழித்ததும் வழக்கம்போல் சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள் மருத்துவச்சி. நேற்றைவிடச் சூடு. வெள்ளி மயிர்கள் ஒரே திசையில் படிந்திருக்கவில்லை. ஆங்காங்கே சிலிர்த்து நின்றன. வாசலில் நின்ற சிறுவன் படியேறி வந்ததற்கே மூச்சிரைத்துக்கொண்டிருந்தான்.

“தலை வலிக்கிறதா?”

“எல்லாருக்கும் வலிக்கிறது, அக்கா. கீழ்த்தளத்தில் பாட்டி எழுந்திருக்கவே இல்லை.”

அவள் கையை எடுக்கவில்லை. “ஓடாமல் போய்ச் சொல். இன்று யாரும் வேலை செய்ய வேண்டாம். எல்லாரும் படுத்திருக்கட்டும். இவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நாம் குறைவாக வாங்குவோம்.”’

இக்காட்சியில் எச்சரிக்கை மணியும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. ஆபத்தைச் சொல்லும் கருவியாகக் கலத்தின் உடலே இருப்பதால், பொறியாளருக்குப் பதில் மருத்துவச்சி கதையின் மையத்துக்கு வந்துவிடுகிறார். கருவிகளை எழுதப் பழகிய கைக்கு இந்த மாற்றம் முதலில் அந்நியமாகத் தோன்றலாம்.

எட்டாம் படி: நோய், பிறப்பு, இறப்பு

நோய்க்குக் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. பயணிகளின் தோலில் இருக்கும் பூஞ்சையே போதும். இனப்பெருக்கத்துக்கு ஒரு விலை இருக்கட்டும்: குட்டிக்கான கரிமமும் நைட்ரஜனும் தாயின் உடலிலிருந்தோ ஒரு வால்வெள்ளியிலிருந்தோ வர வேண்டும் என்பதால், கருவுற்ற கலம் பயணிகளின் திட்டத்தை மதிக்காமல் பனி இருக்கும் திசைக்கே திரும்பும்.

இறப்பை ஒரு வெடிப்போடு முடித்துவிடுவது பெரும் வீண். கடலடியில் விழும் திமிங்கலத்தின் உடல் பல பத்தாண்டுகள் வரை உயிர்க்கூட்டங்களுக்கு உணவளிக்கிறது. முதலில் சதை தின்பவை, பிறகு எலும்பைத் துளைக்கும் புழுக்கள், இறுதியில் எலும்பிலுள்ள கொழுப்பு சிதைவதால் வெளிவரும் சல்ஃபைடை உண்ணும் பாக்டீரியாக்கள் என்று வரிசையாக வருகின்றன. இறந்த கலத்துக்குள் சிக்கிய மனிதர்கள் அந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்பார்கள் என்பது ஒரு நாவலுக்குப் போதுமான கேள்வி.

ஒன்பதாம் படி: வரைவைச் சோதியுங்கள்

முதல் வரைவு முடிந்ததும், கலம் வரும் காட்சிகளில் மூன்றை எடுத்து, அவற்றில் கலத்தின் இடத்தில் சாதாரண இரும்புக் கலத்தை வைத்துப் படியுங்கள். கதாபாத்திரங்களின் முடிவுகள் மாறாமல் அப்படியே நின்றால், அந்தக் காட்சியில் கலத்துக்கு ஒரு தேவையைக் கொடுத்து மீண்டும் எழுதுங்கள்: ஒளியோ, குளிர்ச்சியோ, ஓய்வோ, அயோடினோ. பிறகு எண்களை எல்லாம் நீக்குங்கள். கணக்கு உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும்; பக்கத்தில் தெரிய வேண்டியது, சிறகைச் சூரியன் பக்கம் திருப்ப மறுக்கும் கலமும் அதன் காரணம் தெரியாமல் தவிக்கும் மனிதர்களும்தான்.